வீதியில் உருளும் ரயரும் வேலியோரத்தில் கிடக்கும் ரயரும்



நீரும் நிலமும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் நாடு மட்டக்களப்பு. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி எமது மாவட்டத்தை இரு கரைகளாகப் பிரிக்கின்றது. ஞாயிறு எழும் கடற்பக்கத்தை எழுவான்கரை என்றும், ஞாயிறு படும் வயற்பக்கத்தைப் படுவான்கரை என்றும் எம் முன்னோர் அழைத்தனர். ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்லத் தோணியே துணையாக இருந்த காலம் ஒன்றிருந்தது. 1924ஆம் ஆண்டிற் கல்லடிப் பாலம் திறக்கப்பட்டது. 2013இல் அதனருகே புதிய பாலம் எழுந்தது. அடுத்த ஆண்டிலேயே மண்முனைப் பாலமும் திறக்கப்பட, படுவான்கரை மக்கள் பாதைப்படகுக்காகக் காத்து நின்ற நிலை அங்கு நீங்கியது. துடுப்பு இருந்த இடத்தைச் சில்லு பிடித்துக்கொண்டது எனலாம்.

சில்லு பெருகிய நாட்டிற் சில்லைப் பேணுவோரும் வேண்டுமன்றோ? எமது ஊர்களில் ஏறக்குறைய ஒவ்வொரு சந்தியிலும் ஒரு சிறு கராஜைக் காணலாம். தகரக் கூரை, காற்றடிக்கும் இயந்திரம் ஒன்று, நீர் நிறைந்த தொட்டி ஒன்று, வாடிக்கையாளர் அமர ஒரு வாங்கு, சுவரோரம் அடுக்கிய பழைய ரயர்கள். இவ்வளவே அதன் சொத்து. நான் அதிபராகப் பணியாற்றிய வாவியோரப் பாடசாலை ஒன்றின் அருகிலும் அத்தகைய கராஜ் ஒன்று இருந்தது. அதன் உரிமையாளரை ஊரார் 'பாஸ்' என்றே அழைப்பர். மாணவரின் சயிக்கிள்களுக்குக் காற்றடிக்க அவர் காசு வாங்குவதில்லை. ரயரைப் பற்றி நான் அறிந்தவற்றுட் பல அந்த வாங்கில் இருந்து கற்றவையே. அங்கு கற்கத் தவறிய ஒன்றுக்காகப் பின்னர் வருந்தவும் நேர்ந்தது. அதனைப் பிறகு கூறுவேன்.

முதலில், ரயர் என்பது யாது? வெறும் இறப்பர் வளையம் அன்று. காற்றைச் சிறைப்படுத்தி வைத்திருக்கும் பாத்திரம் அது. 1839ஆம் ஆண்டில் சாள்ஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர், இறப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் உறுதி பெறும் எனக் கண்டார். 1845இல் றொபேட் தோம்சன் என்பார் காற்றடைத்த சில்லுக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் உலகம் அதனை மறந்துவிட்டது. 1888இல் பெல்பாஸ்ட் நகரிற் கால்நடை வைத்தியராக இருந்த ஜோன் போய்ட் டன்லப், தம் மகனுடைய சிறு வண்டி குலுங்காமல் ஓட வேண்டுமென விரும்பி, காற்றடைத்த குழாயை அதன் சில்லுகளிற் பொருத்தினார். அன்றிலிருந்தே இன்றைய ரயரின் வரலாறு நடைபோடத் தொடங்கியது. இவ்வரலாற்றில் எமது தீவுக்கும் ஒரு பங்குண்டு. பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ பூங்காவில் வளர்க்கப்பட்ட ஏறத்தாழ 1,900 இறப்பர்க் கன்றுகள் 1876ஆம் ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடப் பூங்காவில் அவை நடப்பட்டன.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் இறப்பர் அன்று. உள்ளே அடைபட்ட காற்றே. ஒரு மோட்டார்க் காரின் ஒவ்வொரு ரயரும் வீதியைத் தொடும் பரப்பு ஓர் உள்ளங்கையின் அளவினதே. அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியே ஒரு குடும்பம் பயணம் செய்கின்றது. காற்றுக் குறைந்தால் ரயரின் பக்கச் சுவர்கள் மடிந்து மடிந்து நிமிரும், அதனால் வெப்பம் மிகும், இரு ஓரங்களும் விரைந்து தேயும், எரிபொருளும் வீணாகும். காற்று மிகுந்தாலோ நடுப்பகுதி மட்டும் நிலத்தைத் தொட்டுத் தேயும், பிடிப்புக் குறையும். எனவே, அளவறிந்து காற்றடித்தல் வேண்டும். கார்கள் பலவற்றுக்குச் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 35 இறாத்தல் வரை வேண்டியிருக்கும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு சாரதியின் கதவோரத்தில் ஒட்டப்பட்ட சீட்டிலோ கைந்நூலிலோ காணப்படும். ரயரின் பக்கச் சுவரிற் பொறித்த எண், அது தாங்கக்கூடிய உச்ச அளவைக் குறிப்பது. அதனை அடிக்க வேண்டிய அளவு எனப் பலர் மயங்குவர்.

துளை எதுவும் இல்லாத ரயரும் மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் இறாத்தல் காற்றை இழக்கும். ஆதலின், மாதம் ஒருமுறையேனும் அளந்து பார்த்தல் நன்று. ஓடி வந்த சூட்டோடு அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். காலையிற் புறப்படுமுன் அளப்பதே முறை. வால்வின் சிறு மூடியையும் அலட்சியம் செய்தலாகாது. எமது கரையோர மணல் உள்ளே புகாமற் காப்பது அதுவே.

அடுத்து, ரயரின் மேற்பரப்பில் உள்ள பள்ளக் கோடுகளைப் பார்ப்போம். இவை அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. மாரி மழையில் வீதியில் நிற்கும் நீரை வெளியேற்றும் வாய்க்கால்கள் இவை. வாய்க்கால் தூர்ந்தால் வயலில் நீர் தேங்குவது போல, கோடுகள் தேய்ந்தால் ரயருக்கும் வீதிக்கும் இடையே நீர் தேங்கும். வேகமாகச் செல்லும் வண்டி அந்நீரின்மேல் மிதந்து வழுக்கும். தடையை அழுத்தினும் நில்லாது. கோட்டின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறைதலாகாது எனப் பல நாடுகள் விதித்துள்ளன. அளவுகோல் தேவையில்லை, கோடுகளின் அடியிற் சிறு மேடுகள் அமைந்திருக்கும், மேற்பரப்பு தேய்ந்து அம்மேடுகளோடு சமமாகிவிட்டால் அந்த ரயரின் பணி முடிந்தது. வயதும் பார்க்க வேண்டும். பக்கச் சுவரிற் காணப்படும் நான்கு இலக்கங்களுள் முதலிரண்டும் வாரத்தையும் பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருப்பின் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். பக்கச் சுவரில் வெடிப்போ புடைப்போ கண்டால் அதற்கு ஒட்டுப் போட முயலுதல் ஆபத்து, மாற்றுதலே வழி.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடையில், 2022இன் நெருக்கடியில், எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. ரயரின் விலை எட்டாக் கனியாயிற்று. மூலையிற் கிடந்த பழைய சயிக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. ஆசிரியர்களும் சயிக்கிளிலேயே பாடசாலைக்கு வந்தனர். அந்நாட்களில் எமது ஊர் ஓடியதென்றால், அதற்கு இத்தகைய சிறு கராஜ்களின் ஒட்டும் ஊசியும் பெருங் காரணங்களாகும்.

ஒரு ரியூபுக்கு ஒட்டுப் போடுவதைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? ரியூபிற் காற்றடைத்து நீர்த்தொட்டியில் அமிழ்த்துவார்கள்; துளையுள்ள இடத்திற் குமிழி எழும். அவ்விடத்தை அரத்தாளினாற் சுரண்டி, பசை தடவி, அது சற்று உலர்ந்தபின் ஒட்டுத் துண்டை வைத்து அழுத்துவார்கள். ஆயின், நல்ல தொழிலாளி அத்தோடு நிறுத்துவதில்லை. ரயரின் உட்புறம் முழுவதையும் விரல்களாற் கவனமாகத் தடவிப் பார்ப்பார். துளைத்த ஆணியோ நெருஞ்சி முள்ளோ அங்கேயே இருக்கும். அதனை எடுக்காமற் பூட்டினால் அடுத்த சந்திக்குள் மீண்டும் காற்றுப் போகும். "ஓட்டைய அடைக்கிறது பாதி வேலதான் சேர், ஆணிய எடுக்கிறதுதான் மற்றப் பாதி" என்பார் பாஸ். இவ்வாசகத்தின் முழுப் பொருளை நான் உணர்ந்தது 2017ஆம் ஆண்டிலேதான்.

அதற்கு முந்திய ஆண்டில், பாடசாலைத் தோட்டத்தை அழகுபடுத்த எண்ணிப் பாஸிடம் பழைய ரயர்கள் சில கேட்டேன். அவர் மனமுவந்து இலவசமாகவே தந்தார். பிள்ளைகள் அவற்றுக்குச் சிவப்பும் மஞ்சளும் நீலமும் பூசினர். சிலவற்றை இருக்கைகளாகக் கிடத்தினோம். இரண்டை வேப்பமரத்தில் ஊஞ்சலாகத் தொங்கவிட்டோம். பார்த்தோர் பாராட்டினர், எனக்கும் பெருமையாக இருந்தது.

2017இன் தொடக்கத்தில் டெங்குக் காய்ச்சல் எமது பகுதியிற் பரவியது. அவ்வாண்டு நாடு முழுவதும் 1,86,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர், நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். எமது மாணவி ஒருத்தியும் காய்ச்சலுற்று வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டாள். பாடசாலையிற் புகையடிக்குமாறு நான் கேட்டுக்கொண்டேன். வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் புகையடிக்குமுன் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். வர்ணம் பூசிய ரயர் ஒன்றினுள் ஒரு கிண்ணத்தை விட்டு நீரை மொண்டு என் முன் நீட்டினார். நீரில் நுளம்புக் குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. நான் வாய் பேசாது நின்றேன். அப்பிள்ளைக்கு நோய் எங்கிருந்து தொற்றியது என்பதை எவரும் உறுதியாகக் கூற இயலாது. எனினும், பெற்றோர் என்னை நம்பி அனுப்பிய பிள்ளைகளின் நடுவே அந்நீர் தேங்கியிருந்தது என் பொறுப்பில் அன்றோ?

ரயர் ஏன் இத்துணைத் தீங்குடையதாகிறது? அதன் வளைந்த உதடுகளே காரணம். கிடத்தினாலும் நிறுத்தினாலும் தொங்கவிட்டாலும் உள்ளே நீர் தேங்கும். உள்ளே நிழல், உதிர்ந்த இலைகள் அழுகிக் குடம்பிக்கு உணவாகும். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கும். நீர் வற்றினும் அம்முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழையிற் பொரிக்கும். பொரித்த குடம்பி ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களுள் நுளம்பாகிப் பறக்கும். ஆகவே, நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது; சுவரைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். புகை பறக்கும் நுளம்பைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. ஆணியை எடுக்காமல் ஒட்டுப் போட்டதற்கே அது ஒப்பாகும்.

இந்நுளம்பு பிறந்த இடத்திலிருந்து நெடுந்தூரம் பறப்பதில்லை; பெரும்பாலும் சில நூறு மீற்றருக்குள்ளேயே வாழும். கடிப்பதோ காலையிலும் மாலைக்கு முன்னும். பிள்ளைகள் பாடசாலைக்கு வரும் வேளையும் விளையாடும் வேளையும் அவையே. தானாகத் தொலைவு செல்லாத இது, ரயரில் ஏறிக் கண்டங்களையும் கடந்துள்ளது. 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆசிய ஈடிஸ் இனம் ஒன்று பெருகியிருக்கக் கண்டனர். ஆசியாவிலிருந்து இறக்குமதியான பழைய ரயர்களோடு அது வந்ததென அறிவியலாளர் கொள்கின்றனர்.

அன்று மாலையே பாஸ் துளைகருவியோடு பாடசாலைக்கு வந்தார். நான் என் தவற்றைச் சொல்ல வாயெடுத்தேன். "உங்கட பிழை மட்டும் இல்ல சேர். ஓட்டை போடாமத் தந்தது என்ட பிழை" என்றார். ஊஞ்சல் ரயர்களின் அடியிற் பெருந்துளைகள் இட்டார், கிடந்தவற்றைக் கழுவி, விளிம்புவரை மண் நிரப்பினோம், எஞ்சியவற்றை அகற்றினோம். அடுத்த சனிக்கிழமை தம் கராஜின் சுவரோரத்து ரயர்களையும் கூரையின் கீழ் அடுக்கித் தார்ப்பாயினால் மூடினார். மாணவர் அணி ஒன்று அயல் வீடுகளுக்குச் சென்று வேலியோரத்துப் பழைய ரயர்களைத் திரட்டி வந்தது. அன்று முதல், பழைய ரயரைக் கழற்றினால் அதனை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாது தாமே பொறுப்பேற்பதைப் பாஸ் வழக்கமாக்கிக்கொண்டார். காய்ச்சலுற்ற மாணவியும் இறையருளாலும் வைத்தியர்களின் கவனிப்பாலும் நலம் பெற்று வகுப்புக்குத் திரும்பினாள்.

நேயர்களே, 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், நீர் தேங்கும் பொருள்களைத் தம் வளவிலிருந்து அகற்றும் கடமையை ஒவ்வொருவர் மீதும் விதித்துள்ளது. சட்டத்துக்கு அஞ்சி மட்டும் அன்று, அயலவர்க்கு அன்பு செய்தும் இதனைச் செய்வோமாக. பழைய ரயரை எரித்தலும் தீர்வாகாது. அதன் கரும்புகை நஞ்சு. வாவியில் எறிதல் எம்மை வாழ்விக்கும் நீருக்குச் செய்யும் துரோகம். உடல் பழுதுபடாத லொறி, பஸ் ரயர்களை ரீபில்ட் செய்ய அனுப்பலாம். வைத்திருக்க வேண்டியவற்றைத் துளையிட்டோ மண் நிரப்பியோ கூரையின் கீழோ வைக்கலாம். அடுத்த முறை உங்கள் சந்தியின் கராஜில் ரயர் மாற்றும்போது, புதியதன் விலையைக் கேட்பதோடு நில்லாது, "பழையது எங்கே போகும்?" என்றும் கேளுங்கள்.

வீதியில் உருளும் ரயரைப் பேணுவது எமது உயிருக்குக் காவல். வேலியோரத்தில் கிடக்கும் ரயரை அகற்றுவது ஊரார் பிள்ளைகளின் உயிருக்குக் காவல். மாரி தொடங்குமுன், வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வளவை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.