புதுப்பிக்கப்பட்ட மேலாண்மை ஸ்விட்ச்: சிறு தொழிலகங்களுக்கான தேர்வு

மேலாண்மை ஸ்விட்ச் என்பது ஒரு நிறுவனத்திலுள்ள கணினிகள், கேமராக்கள், அச்சுப்பொறிகள் முதலியவற்றைக் கம்பி வழியே இணைக்கும் வலையமைப்புக் கருவியாகும். இணைப்பதோடு நில்லாமல், தரவுப் போக்குவரத்தைத் தேவைக்கேற்பப் பிரிக்கவும் கண்காணிக்கவும் இது இடம் தருகிறது. கலைச்சொல்லாக இதனைப் பிணைய நிலைமாற்றி என்பர். வழக்கில் ஸ்விட்ச் என்ற சொல்லே நிலைத்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த ஸ்விட்சுகளைச் சோதித்து, தூசு நீக்கி, பழுதான பாகங்களை மாற்றி மீண்டும் விற்கும்போது அவை புதுப்பிக்கப்பட்டவை எனப்படுகின்றன. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்.பி. ரோடு போன்ற சந்தைகளிலும் இணையக் கடைகளிலும் இவை கிடைக்கின்றன.

புதியதைவிட விலை மிகக் குறைவு என்பதே இவற்றின் கவர்ச்சி. ஆனால் ஒரு சிறு தொழிலகத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்விட்ச்தான் இருக்கும். அது நின்றால் பில் போடுவது, வருகைப் பதிவு, கேமராப் பதிவு ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். ஆகவே விலையைக் கடைசியாகப் பார்த்து, தேவை, எஞ்சியுள்ள மென்பொருள் ஆதரவுக் காலம், வைக்கப்போகும் இடத்தின் தன்மை ஆகிய மூன்றையும் முதலில் பார்ப்பதே முறையாகும்.

தோற்றம்

பல போர்ட்டுகள் கொண்ட முதல் ஈதர்நெட் ஸ்விட்சை 1990ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் கல்பனா என்ற நிறுவனம் வெளியிட்டது. அதில் 7 போர்ட்டுகள் இருந்தன. இந்நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ்; தம் மனைவியின் பெயரையே நிறுவனத்திற்குச் சூட்டினார். 1994இல் சிஸ்கோ நிறுவனம் கல்பனாவை விலைக்கு வாங்கியது. இன்று பழைய சந்தையில் அதிகம் காணப்படும் கேட்டலிஸ்ட் வரிசை ஸ்விட்சுகள் சிஸ்கோவினுடையவை.

வட்டாரச் சூழல்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை நூற்பாலைகளுக்கும் தறிகளுக்கும் பெயர்பெற்ற ஊர். அதன் கிழக்கே திருச்சுழி வரை விரியும் நிலம் மழை குறைந்த, கண்மாய்களை நம்பிய வறள் பகுதியாகும். இங்குள்ள ஒரு சிறு ஆலையையோ தறிக்கூடத்தையோ எடுத்துக்கொண்டால் ஸ்விட்சுக்கு நான்கு சோதனைகள் உண்டு: கோடை வெப்பம், பஞ்சுத் தூசு, சீரற்ற மின்னழுத்தம், இடிமின்னல். குளிரூட்டப்பட்ட அறையில் பல ஆண்டுகள் ஓடிய ஸ்விட்ச், தகரக் கூரையின் கீழ் அதே போல ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது.

மேலாண்மை வசதி தேவையா?

நான்கைந்து கணினிகளும் ஓர் அச்சுப்பொறியும் மட்டுமே உள்ள கடைக்கு மேலாண்மை ஸ்விட்ச் தேவையில்லை. அங்கே புதிய சாதாரண ஸ்விட்சே சிக்கனமானது, பாதுகாப்பானதும்கூட. கீழ்க்காணும் நிலைகளில் மேலாண்மை வசதி பயன்படுகிறது.

மெய்நிகர்ப் பிரிவு: விலான் எனப்படும் இந்த முறை ஒரே ஸ்விட்சைப் பல தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கிறது. கேமராக்கள், கணக்குப் பிரிவுக் கணினிகள், விருந்தினர் வைஃபை ஆகியவற்றைப் பிரித்து வைத்தால், ஒரு மலிவான கேமராவின் வழியாக நுழைபவர் கணக்குக் கணினியைத் தொடுவது கடினமாகும்.

சுற்றுத் தடுப்பு: ஒரே கேபிளின் இரு முனைகளையும் யாரேனும் தவறுதலாக ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டால் தரவு சுற்றிச் சுற்றி ஓடி வலையமைப்பே முடங்கும். ரேடியா பெர்ல்மன் 1985இல் வடிவமைத்த ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை இதைத் தடுக்கிறது.

கண்காணிப்பு: எந்தப் போர்ட்டில் பிழை வருகிறது, எந்தக் கேபிள் பழுது என்பதை இருந்த இடத்திலிருந்தே அறியலாம்.

போர்ட்டும் மின்சாரமும்: ஒரு கணக்கு

கேமராக்களுக்குத் தரவுக் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் முறை பி.ஓ.இ. எனப்படுகிறது. 2003இல் வந்த தரம் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரையும், 2009இல் வந்த தரம் 30 வாட் வரையும் அளிக்கிறது. ஒரு போர்ட்டின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. ஸ்விட்ச் மொத்தமாக எவ்வளவு தரும் என்பதையும் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்றின் மொத்த பி.ஓ.இ. திறன் 370 வாட் என்க. 24 × 15.4 = 369.6. எல்லாப் போர்ட்டுக்கும் 15.4 வாட் கிடைக்கும். ஆனால் 30 வாட் கேட்கும் கருவிகள் என்றால் 12 மட்டுமே இணைக்கலாம். 8 வாட் கேமராக்கள் 12 இருந்தால் 96 வாட்டே தேவை. அதற்கு 740 வாட் ஸ்விட்சை வாங்குவது வீண்.

வேகத்திலும் இதே கணக்குதான். பழைய கேட்டலிஸ்ட் 2960 வகைகள் பலவற்றில் சாதாரணப் போர்ட்டுகள் 100 மெகாபிட் வேகமே கொண்டவை. 4 மெகாபிட் அனுப்பும் ஒரு கேமராவுக்கு அது தாராளம். ஆனால் அத்தகைய கேமராக்கள் 30 சேர்ந்தால் 120 மெகாபிட் ஆகிவிடும். ஆகவே பதிவுக் கருவியை இணைக்கும் போர்ட் மட்டுமாவது கிகாபிட் வேகத்தில் இருக்க வேண்டும்.

மின்கட்டணத்தையும் மறக்கலாகாது. ஓயாமல் 40 வாட் எடுக்கும் ஸ்விட்ச் ஆண்டுக்குச் சுமார் 350 யூனிட் செலவழிக்கும். 100 வாட் எடுப்பது 876 யூனிட் செலவழிக்கும். பழைய பெரிய ஸ்விட்சின் விலையில் மிச்சமான பணம் சில ஆண்டுகளில் மின்கட்டணமாகப் போய்விடக்கூடும்.

மென்பொருள் ஆதரவு

ஸ்விட்சும் மென்பொருளால் இயங்கும் கருவியே. தயாரிப்பாளர் பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் காலம் முடிந்தபின் அதிலுள்ள ஓட்டைகள் திறந்தே கிடக்கும். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் வரிசையின் விற்பனை 2022 அக்டோபர் 31இல் நிறுத்தப்பட்டது. அதற்கான ஆதரவு 2027 அக்டோபர் 31 வரை என அறிவிக்கப்பட்டது. இத்தகைய தேதிகள் தயாரிப்பாளரின் இணையதளத்தில் மாடல் வாரியாகக் கிடைக்கும். வாங்குமுன் பார்க்க வேண்டிய முதல் விவரம் இதுவே.

இதன் விளைவு 2018இல் தெரிந்தது. சிஸ்கோ ஸ்விட்சுகளிலுள்ள ஸ்மார்ட் இன்ஸ்டால் என்ற வசதியில் இருந்த ஓட்டை அவ்வாண்டு மார்ச்சில் வெளியிடப்பட்டது, திருத்தமும் தரப்பட்டது. ஏப்ரலில் ஈரான், ரஷ்யா உள்ளிட்ட நாடுகளில் திருத்தம் செய்யப்படாத ஸ்விட்சுகள் தாக்கப்பட்டு அவற்றின் அமைப்புகள் அழிக்கப்பட்டன. அதே ஓட்டை இன்னும் பயன்படுத்தப்படுவதாக 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்தது. பழைய கேட்டலிஸ்ட் வாங்குவோர் இந்த வசதியை நிறுத்திவிடுவது கட்டாயம்.

உரிமமும் கவனிக்கத்தக்கது. மெராக்கி போன்ற இணையவழி மேலாண்மை ஸ்விட்சுகள் உரிமக் கட்டணம் இல்லாமல் இயங்கா; முந்தைய உரிமையாளர் தம் கணக்கிலிருந்து விடுவிக்காவிட்டால் புதியவர் அதைச் சேர்க்கவும் முடியாது.

போலிகள்

2020 ஜூலையில் எஃப்-செக்யூர் நிறுவனம் போலி கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் ஸ்விட்சுகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. வெளித்தோற்றத்தில் அசலைப் போலவே இருந்த அவை, மென்பொருளைப் புதுப்பித்தபோது செயலிழந்ததால்தான் பிடிபட்டன. எனவே மேலுறையில் உள்ள தொடர் எண்ணும் மென்பொருள் காட்டும் தொடர் எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது அவசியம். பழைய சிஸ்கோ கருவிகளின் தொடர் எண்ணில் மூன்று எழுத்துகளுக்குப் பின் வரும் இரண்டு இலக்கங்களுடன் 1996ஐக் கூட்டினால் தயாரிப்பு ஆண்டு கிடைக்கும். அடுத்த இரண்டு இலக்கங்கள் வாரத்தைக் குறிக்கும். 1743 என்றிருந்தால் அது 2013ஆம் ஆண்டின் 43ஆம் வாரம். எட்டாண்டுப் பழையதை மூன்றாண்டுப் பழையது என்று சொல்லி விற்பதை இந்த ஒரு கூட்டலால் கண்டுபிடிக்கலாம்.

வெப்பம், பஞ்சு, மின்னல்

அலுவலகப் பயன்பாட்டு ஸ்விட்சுகள் பொதுவாக 40 முதல் 45 பாகை செல்சியஸ் வரையான சுற்றுப்புற வெப்பத்திற்கே வடிவமைக்கப்படுகின்றன. மூடிய பெட்டிக்குள் வெப்பம் அறையைவிடக் கூடுதலாக இருக்கும். மின்வழங்கிப் பகுதியிலுள்ள மின்தேக்கிகளின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. ஏற்கெனவே பாதி ஆயுள் கழிந்த ஸ்விட்சுக்கு இது மேலும் பொருந்தும்.

மின்விசிறி உள்ள ஸ்விட்ச் காற்றோடு பஞ்சையும் உள்ளே இழுக்கும். தறி ஓடும் கூடத்தில் அதை வைக்காமல் அலுவலக அறையில் சுவர்ப் பெட்டியில் பொருத்துவது நல்லது. குறைந்த போர்ட்டுகள் போதுமென்றால் விசிறியில்லாத வகை ஏற்றது. தூசுக்குப் பயந்து துணியால் மூடினால் காற்றோட்டம் நின்று கேடு விளையும்.

எர்த் இணைப்பு இப்பகுதியில் தனிக்கவனம் வேண்டுவது. கரிசல் மண் கோடையில் காய்ந்து வெடிக்கும்போது எர்த் குழியின் மின்தடை உயர்கிறது. கசியும் மின்சாரமும் மின்னல் அதிர்வும் மண்ணுக்குள் எளிதில் இறங்குவதில்லை. கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், மின்பணியாளரைக் கொண்டு ஆண்டுக்கொருமுறை தடையை அளப்பதும் பயன் தரும்.

அலுவலகத்திற்கும் வெளியிலுள்ள கூடத்திற்கும் இடையே செம்புக் கேபிள் இழுத்தால் இடிமின்னல் காலத்தில் மின்னதிர்வு அதன் வழியே ஸ்விட்சுக்குள் பாயக்கூடும். செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர் என்ற நீள வரம்பும் உண்டு. ஒளியிழைக் கேபிளில் இவ்விரு குறைகளும் இல்லை. ஆகவே ஒளியிழையைச் செருக உதவும் எஸ்.எஃப்.பி. போர்ட் உள்ள ஸ்விட்சே இத்தகைய வளாகத்திற்கு ஏற்றது. சில ஸ்விட்சுகள் தம் நிறுவனத்தின் எஸ்.எஃப்.பி. பாகத்தை மட்டுமே ஏற்கும் என்பதால் அதையும் சேர்த்தே விலை பேச வேண்டும்.

வாங்குமுன் சோதனை

1. கன்சோல் கேபிள் வழியாகக் கணினியை இணைத்து, ஸ்விட்ச் தொடங்கும்போது செய்யும் தன்சோதனை பிழையின்றி முடிகிறதா என்று பார்த்தல்.
2. தொடர் எண், மாடல், மென்பொருள் பதிப்பு ஆகியவற்றை ஒப்பிடுதல்.
3. ஒவ்வொரு போர்ட்டிலும் கணினியை இணைத்து வேகத்தைப் பார்த்தல், பி.ஓ.இ. போர்ட்டுகளில் கேமராவை இணைத்துப் பார்த்தல்.
4. விசிறிச் சத்தம், வெப்பநிலை அளவு, மின்தேக்கி உப்பல் ஆகியவற்றைக் கவனித்தல்.
5. சில மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, பிழை எண்ணிக்கை கூடுகிறதா என்று பார்த்தல்.
6. தொடர் எண் குறிப்பிட்ட ஜி.எஸ்.டி. பில்லையும் எழுத்துவழி உத்தரவாதத்தையும் பெறுதல்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, புதுப்பிக்கும் தொழில் செய்வோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் இப்பதிவைப் பற்றிக் கேட்கலாம்.

பணியில் அமர்த்துதல்

முந்தைய உரிமையாளரின் அமைப்புகளை முழுவதும் அழித்து, ஆதரவிலுள்ள புதிய மென்பொருளை ஏற்றி, கடவுச்சொல்லை மாற்றிய பின்பே ஸ்விட்சை வலையமைப்பில் சேர்க்க வேண்டும். மேலாண்மைப் பக்கம் இணையத்திலிருந்து எட்ட முடியாதபடி அமைத்து, கடவுச்சொல் உரிமையாளரிடமும் எழுதி வைக்கப்பட வேண்டும். நிறுவியவரின் நினைவில் மட்டும் இருந்தால் அவர் வேறு ஊர் சென்றபின் ஸ்விட்ச் பூட்டிய பெட்டியாகிவிடும். முடிந்த அமைப்புகளின் நகலைத் தனியே சேமிப்பதும் தேவை.

இயன்றால் ஒரே மாடலில் இரண்டு வாங்குவது சிறந்தது. இரண்டு பழையவற்றின் விலை பெரும்பாலும் ஒரு புதியதைவிடக் குறைவாகவே இருக்கும். ஒன்று பழுதானால், சேமித்த நகலை மற்றொன்றில் ஏற்றி ஒரு மணி நேரத்திற்குள் வேலையைத் தொடரலாம். மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ பொருள் வரும்வரை பணிமனை காத்திருக்க வேண்டியதில்லை.