இறப்புப் பதிவில் தொடங்கும் பூர்வீகத் தேடல்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் இருக்கும் கார்ன்வால், செம்பையும் வெள்ளீயத்தையும் நம்பி வாழ்ந்த மண். 1866இல் செம்பு விலை சரிந்ததும் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. பாறை குடையத் தெரிந்தவர்கள் ஆஸ்திரேலியாவின் மூன்டா, மெக்சிகோவின் பச்சுகா, கலிபோர்னியாவின் கிராஸ் வேலி, தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் என்று கப்பலேறினார்கள். 1880இல் ஜான் டெய்லர் என்ற சுரங்க நிறுவனம் கால்வைத்த பிறகு கோலார் தங்கவயலுக்கும் வந்தார்கள். அங்கே அவர்களோடு சுரங்கத்தில் இறங்கியவர்களில் தமிழர்களே மிகுதி.

இன்று அந்தக் கார்ன்வால்காரர்களுடைய சந்ததியினர் பூர்வீகம் தேடுகிறார்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் வழி தவறும். ஜான், வில்லியம், தாமஸ் என்ற சில பெயர்களே ஊர் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக் காட்டுபவை திருமணப் பதிவும் இறப்புப் பதிவும்தான்.

தேடலைக் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். எந்த மண்ணில் இறந்தார் என்பதைப் பொறுத்தே கிடைக்கும் விவரம் அமையும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1853 முதல் நடந்த பதிவு மிக விரிவானது. பெற்றோர் பெயர், பிறந்த ஊர், குடியேறி எத்தனை ஆண்டு, எங்கே யாரை மணந்தார், பிள்ளைகள் யார் யார் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள். பக்கத்துத் தென் ஆஸ்திரேலியாவில் 1842இலேயே பதிவு தொடங்கியும், 19ஆம் நூற்றாண்டு இறப்புப் பதிவுகளில் பெற்றோர் பெயர் இல்லை. மூன்டா இருப்பது இந்தப் பகுதியில்தான். அங்கே தடம் அறுந்தால், விக்டோரியாவின் பெண்டிகோவிலோ பல்லாரட்டிலோ இறந்த உடன்பிறப்பைத் தேடலாம். அண்ணனுக்கு எழுதிய பெற்றோர் பெயர் தம்பிக்கும் பொருந்தும்.

ஆனால் இறந்தவர் தன் விவரத்தைத் தானே சொல்வதில்லை. அயல்நாட்டில் பிறந்த மகனோ பக்கத்து வீட்டுக்காரரோ சொன்னதைத்தான் எழுதியிருப்பார்கள். பிறந்த கிராமத்தின் பெயர் தெரியாமல், கார்ன்வாலின் ரெட்ரூத் என்றோ காம்போர்ன் என்றோ அருகிலுள்ள நகரத்தைச் சொல்லியிருக்கலாம்.

அதைச் சரிபார்க்கத் திருமணப் பதிவு உதவும். அதில் விவரம் தருபவர்கள் மணமக்களே. இங்கிலாந்தில் 1837 ஜூலை 1 முதல் மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் பதிவாகின்றன. 1754 முதல் அந்த நாள்வரை குவேக்கர்களும் யூதர்களும் தவிர மற்ற எல்லோரும் ஆங்கிலிக்கன் தேவாலயத்தில்தான் மணம் முடிக்க வேண்டியிருந்தது. அதனால் ஆங்கிலிக்கன் அல்லாத மெத்தடிஸ்ட் குடும்பத்து முன்னோர்களையும் அந்த ஏடுகளில்தான் தேட வேண்டும். அதில் தந்தை பெயர் இருக்காது; சாட்சிகளின் கையெழுத்து இருக்கும். அந்தச் சாட்சி அண்ணனாகவோ தங்கையாகவோ இருக்கலாம்.

பிழைக்கப் போனவன் பணம் அனுப்புவதை நிறுத்தினால், கார்ன்வாலில் விடப்பட்ட மனைவியின் பாடு கொடியது. ஏழாண்டுகள் தொடர்ந்து பிரிந்திருந்து, கணவன் உயிரோடிருப்பது தெரியாத நிலையில் மறுமணம் செய்தவளை 1861ஆம் ஆண்டுச் சட்டம் இருமணக் குற்றத்துக்காகத் தண்டிக்கவில்லை. ஆகவே திருமணப் பதிவில் ‘விதவை’ என்றிருப்பதால் மட்டும் முதல் கணவன் இறந்துவிட்டான் என்று முடிவுகட்டக் கூடாது. அவன் வேறொரு நாட்டில் வேறொரு குடும்பத்தோடு வாழ்ந்திருக்கலாம்.

இறப்புக்கான காரணமும் தடம் காட்டும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் துளைக்கருவி கிளப்பிய பாறைத் தூசி நுரையீரலை அரித்தது. பலர் சாவதற்காகவே ஊர் திரும்பினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெட்ரூத் பக்கம் ஒரு சுரங்கத் தொழிலாளி நுரையீரல் நோயால் இளவயதில் இறந்திருந்தால், அவர் தென்னாப்பிரிக்கா போனவரா என்று பார்ப்பது நல்லது.

கோலார் தங்கவயலில் மணந்தவர்களையும் இறந்தவர்களையும் தேட லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் பதிவுகளைப் பார்க்க வேண்டும். அந்தப் பகுதித் தேவாலயங்கள் அனுப்பிய திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் அங்கே இருக்கின்றன.

தேடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நேர்வழி முன்னோரின் சான்றிதழோடு நிறுத்தாதீர்கள், உடன்பிறந்தவர்களுடையதையும் வாங்குங்கள். கையில் வந்ததும் தகவல் தந்தவர் பெயரையும் சாட்சிகளின் பெயரையும் முதலில் படியுங்கள்.