பல்லாவரத்துப் பாறை எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது?

சென்னையை அடுத்த பல்லாவரத்தில் நீலமும் கருமையும் கலந்த கடினமான பாறை ஒன்று உண்டு. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலரின் கல்லறைக் கல்லும் இவ்வகையே எனக் கண்ட தாமஸ் ஹாலந்து, 1893-இல் இதற்குச் 'சார்னாக்கைட்' என்று பெயரிட்டார். இன்று நாம் மிதித்து நடக்கும் இப்பாறை ஒரு காலத்தில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்தது! மனிதன் இட்ட மிக ஆழமான துளையே 12 கிலோமீட்டரைச் சிறிதளவே தாண்டும். அப்படியிருக்க, இந்த ஆழம் எப்படித் தெரிந்தது?

விடை பாறையின் கனிமங்களில் இருக்கிறது. ஹைபர்ஸ்தீனும் கால்சியம் கலந்த ஃபெல்ஸ்பாரும் பெரும் அழுத்தத்தில் வினைபுரிந்து கார்னெட்டும் குவார்ட்ஸும் ஆகின்றன. பின்னவை இரண்டும் குறைந்த இடத்தையே அடைப்பவை. நெரிசலான பேருந்தில் நாம் ஒடுங்கி நிற்பதில்லையா, அதுபோலத்தான். இந்நான்கும் ஒரே கல்லில் ஒட்டியிருந்தால் கணக்கு எளிது. கார்னெட்டும் ஹைபர்ஸ்தீனும் இரும்பையும் மக்னீசியத்தையும் பங்கிட்டுக்கொண்ட விகிதம் வெப்பநிலையைக் காட்டும். கார்னெட்டிலும் ஃபெல்ஸ்பாரிலும் உள்ள கால்சியம் அழுத்தத்தைக் காட்டும்.

பல்லாவரப் பகுதியில் இந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 7,000 மடங்கு. ஒவ்வோர் ஆயிரம் மடங்குக்கும் மூன்றரை கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான பாறைச்சுமை வேண்டும். பெருக்கிப் பாருங்கள்.

மேலே வந்ததும் இக்கனிமங்கள் ஏன் பழையபடி மாறவில்லை? குளிர்ந்த பாறையில் அணுக்கள் இடம்பெயர்வது அரிது. வினையைத் தூண்டும் நீரும் இதில் மிகக் குறைவு. ஆயினும் மெல்லக் குளிர்கையில் கனிமத் துகள்களின் விளிம்புகள் சிறிது மாறிவிடும். அங்கே அளந்தால் ஆழம் தவறாகும். ஆகவே சில கிலோமீட்டர் பிழைக்கு எப்போதும் இடம் விட வேண்டும்.

மேலிருந்த பாறை எங்கே போயிற்று? அங்கே 25 கிலோமீட்டர் உயர மலை நின்றதாக எண்ண வேண்டாம். சரக்கை இறக்க இறக்கத் தோணி மேலெழுவதுபோல, மேற்பரப்பு அரிக்கப்பட அரிக்கப்படப் புவியோடும் எழும்பி வந்தது. பிளவுகளில் பாறைத்தொகுதிகள் நழுவி விலகியிருக்கவும் கூடும். எல்லாவற்றையும் மழையின் கணக்கிலும் ஆற்றின் கணக்கிலும் எழுதுவது சரியன்று.

இப்பாறை உருமாறியது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன். சராசரி பார்த்தால், ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தேய்ந்திருக்கிறது. ஆனால் இந்தச் சராசரி ஏமாற்றக்கூடியது. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில், ஏறத்தாழ 13 கோடி ஆண்டுப் பழமையுள்ள, தாவரப் புதைபடிவங்கள் கொண்ட படிவுப்பாறைகள் இதே தொல்பாறைத் தளத்தின்மேல்தான் படிந்துள்ளன. அதாவது, அந்தச் செடிகள் முளைத்த காலத்திலேயே 25 கிலோமீட்டரில் மிகப் பெரும்பகுதி போய்விட்டிருந்தது.