கணனியை ஒதுக்கி வைக்குமுன் அந்தச் சிறிய அட்டையைப் பாருங்கள்

2006ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலும் 2007 ஜனவரியிலும் வாகரைப் பகுதி மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது கையில் எடுத்துச் சென்றவை மிகச் சில. அவற்றுள் அநேகமாக எல்லாக் குடும்பங்களிடமும் இருந்தது ஒரு பொலித்தீன் பை. காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியன அதற்குள் இருந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோனது போக எஞ்சியவையும், மறுபடி எழுதி எடுத்தவையும் அந்தப் பைக்குள்தான் இருந்தன.

இன்று பல வீடுகளில் அந்தப் பைக்குத் துணையாக ஒரு பழைய மடிக்கணனி இருக்கிறது. மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகள் வாங்கி அனுப்பியது, அல்லது வெளிநாட்டு உறவினர் பாவித்துவிட்டுக் கொடுத்தது. பத்திரங்களின் படங்கள் அதில் இருக்கின்றன. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர் பிள்ளைகளின் படிப்பும் அதற்குள் நுழைந்துவிட்டது. கடந்தகால வினாத்தாள்களை எடுப்பதும், பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிப்பதும் இணையத்தின் வழியாகவே நடக்கின்றன. ஆகவே கணனி இணையத்தோடு சேர மறுத்தால் அது சிறிய தொல்லையன்று.

உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்த மகளின் கணனியோடு ஒரு தாய் எம்மிடம் வந்தார். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு ஐந்து நாட்களே இருந்தன. "கணனி முடிந்துவிட்டது, புதிது வாங்குங்கள்" என்று நகரத்துக் கடையொன்றில் சொல்லியிருந்தார்கள். 2022இல் சில மாதங்களுக்குள் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல் போன பிறகு, புதிய கணனி என்பது எமது விவசாயக் குடும்பங்களுக்கு எட்டாத பொருள். அந்தத் தாய் காதிலிருந்த தோட்டை அடகு வைக்கும் எண்ணத்தோடுதான் வந்திருந்தார். கணனியிலோ பெரிய கோளாறு எதுவும் இல்லை. பழுதாகியிருந்தது அதனுள் இருந்த, தீப்பெட்டியிலும் சிறிய ஓர் அட்டை மட்டுமே.

அந்த அட்டை என்ன செய்கிறது?

மடிக்கணனி வயர் இல்லாமல் இணையத்தோடு பேசுவது வைபை அட்டை என்னும் சிறிய பாகத்தினால்தான். அது கணனியின் அடிப்பக்கத்தில் தனியாகச் செருகப்பட்டிருக்கும். அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் திரைக்குப் பக்கத்தில் உள்ள அன்ரெனாவுக்குப் போகின்றன. 2003இல் இன்டெல் நிறுவனம் தனது சென்ட்ரினோ வகையை வெளியிட்ட பின்னரே இத்தகைய அட்டை மடிக்கணனிகளில் பொதுவானது. இன்றைய மிக மெல்லிய கணனிகள் சிலவற்றில் இந்தப் பாகத்தைத் தாய்ப்பலகையிலேயே ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். பழைய கணனிகளில் அதைக் கழற்றி மாற்றலாம். பழைய இயந்திரத்தால் எமக்குக் கிடைக்கும் ஓர் அனுகூலம் இது.

அட்டைகளுக்கும் தலைமுறைகள் உண்டு. 2003இல் வந்த "ஜீ" வகையின் உச்ச வேகம் செக்கனுக்கு 54 மெகாபிட். உண்மையில் கிடைப்பது அதன் பாதிக்கும் குறைவு. 2009இல் "என்" வகையும், 2013 அளவில் "ஏசி" வகையும், அதன்பின் "வைபை 6" எனப்படும் வகையும் வந்தன. "ஜீ" வகை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை மட்டும் கேட்கும். புதியவை பெரும்பாலும் 5 கிகாஹேர்ட்ஸ் அலையையும் கேட்கும். 2004க்கு முந்திய அட்டைகள் பல, இன்றைய றவுட்டர்கள் கேட்கும் டபிள்யூபீஏ2 என்னும் பாதுகாப்பு முறையை அறியா. அதனால் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் அவை இணைவதில்லை.

குளமா, துருசா, வாய்க்காலா?

பணம் செலவழிக்குமுன் கோளாறு எங்கே என்று அறிய வேண்டும். வேளாண்மை செய்பவருக்கு இது புதிதல்ல. வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் முதலில் குளத்தைப் பார்க்கிறோம், பிறகு துருசைப் பார்க்கிறோம், அதன் பின்னரே வாய்க்காலை வெட்டுகிறோம். இங்கே தொலைபேசி டவர்தான் குளம். கையிலுள்ள போன் அல்லது வீட்டு றவுட்டர் துருசு. வைபை அட்டை வாய்க்கால். குளத்தில் நீர் இல்லாதபோது வாய்க்காலை அகலப்படுத்தி என்ன பயன்? எமது பகுதியில் டவருக்குத் தூரமான கிராமங்கள் பல உண்டு. அங்கே எவ்வளவு விலைகூடிய அட்டையைப் போட்டாலும் டவரிலிருந்து வராத வேகத்தை அது தராது.

எனவே பின்வரும் மூன்றையும் ஒழுங்காகச் செய்து பாருங்கள். இவற்றுக்குச் செலவில்லை.

முதலாவது: பழைய கணனிகளின் ஓரத்தில் வைபையை நிறுத்தும் சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். சிலவற்றில் விசைப்பலகையின் மேல்வரிசையில் அன்ரெனாப் படம் உள்ள விசை இருக்கும். பிள்ளைகளின் கைபட்டு அது அணைந்திருக்கலாம்.

இரண்டாவது: போனின் ஹொட்ஸ்பொட் உங்கள் கணனியில் தென்படவே இல்லையா? போன் 5 கிகாஹேர்ட்ஸ் அலையில் அனுப்பிக்கொண்டிருக்கலாம். ஹொட்ஸ்பொட் அமைப்புக்குள் போய் 2.4 கிகாஹேர்ட்ஸ் என்று மாற்றுங்கள். பழைய அட்டைக்கு அந்த அலைதான் கேட்கும். சுவரையும் மரத்தையும் தாண்டிக் கூடிய தூரம் போவதும் அதுவே.

மூன்றாவது: போனை சாஜர் வயரால் கணனியோடு இணைத்து, போனில் "யூஎஸ்பி டெதரிங்" என்பதைத் திறந்துவிடுங்கள். இப்போது இணையம் வைபை அட்டையைத் தொடாமல் வயர் வழியாக வருகிறது. வயரில் விரைவாகவும் வைபையில் மந்தமாகவும் இருந்தால் குற்றம் பெரும்பாலும் அட்டையில்தான். இரண்டிலும் மந்தமாக இருந்தால் குற்றம் டவரில். அட்டையை வாங்காதீர்கள். இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் ஒப்பிட வேண்டும். மாலையில் எல்லோரும் பாவிக்கும்போது வேகம் தானாகவே குறையும்.

அந்தத் தாயின் கணனியிலும் இதைத்தான் செய்தோம். வயரைச் செருகியதும் இணையம் வந்தது. அன்றிரவே மகள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். அட்டையை ஆறுதலாகப் பின்னர் மாற்றினோம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

அட்டைதான் குற்றவாளி என்று தெரிந்தாலும் உடனே கடைக்கு ஓடக் கூடாது. நான் ஒருமுறை அப்படி ஓடினேன். கணனியைத் திறந்து பார்க்காமல் "நல்ல அட்டை ஒன்று தாருங்கள்" என்று கேட்டு வாங்கி வந்தேன். அது பொருந்தவில்லை, கடையில் திருப்பி எடுக்கவுமில்லை. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டியதில்லை.

செருகுமிடத்தின் வகை: ஏறக்குறைய 2006 முதல் 2013 வரையான கணனிகளில் "மினி பீசிஐ எக்ஸ்பிரஸ்" வகை இருக்கும். அதில் முழு அளவு அட்டை 30க்கு 51 மில்லிமீற்றர், அரை அளவு அட்டை 30க்கு 27 மில்லிமீற்றர். அரை அளவு அட்டையை முழு அளவு இடத்தில் ஒரு சிறிய தகட்டின் உதவியோடு பொருத்தலாம். முழு அளவு அட்டை அரை அளவு இடத்துக்குள் போகாது. அதற்குப் பிந்திய கணனிகளில் "எம்.2" வகை உண்டு. அது 22க்கு 30 மில்லிமீற்றர். இதன் அன்ரெனா வயர்த் தலைகள் முன்னதைவிடச் சிறியவை, ஒன்றுக்கொன்று பொருந்தா. ஆகவே பழைய அட்டையையே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவது மேல். 2006க்கும் முந்திய கணனியாயின் உள்ளே மாற்றாமல், யூஎஸ்பி துளையில் செருகும் வைபை டொங்கிளை வாங்குவதே புத்தி.

கணனி ஏற்குமா: லெனோவோ, எச்பி ஆகியவற்றின் சில பழைய மாதிரிகள், தமது பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் பிழைச்செய்தி காட்டி இயங்க மறுக்கும். அத்தகைய கணனிக்கு அதே மாதிரியோடு நிறுவனம் விற்ற அட்டையையே, அதில் அச்சிட்டுள்ள பாக இலக்கத்தைப் பார்த்து வாங்க வேண்டும். பாவித்த அட்டையாயினும் பாதகமில்லை.

பெயரில் ஏமாற வேண்டாம்: இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை சாதாரண எம்.2 அட்டைகள். ஏஎக்ஸ்201 அப்படியல்ல. அதற்கென அமைந்த புதிய இன்டெல் தாய்ப்பலகைகளில் மாத்திரமே அது வேலை செய்யும். ஓர் இலக்க வித்தியாசத்தில் பணம் வீணாகும். மினி பீசிஐ எக்ஸ்பிரஸ் இடத்துக்கு 2013இல் வந்த இன்டெல் 7260 போன்ற "ஏசி" அட்டையின் அரை அளவு வடிவம் போதும். எமது டவர்கள் தரும் வேகத்துக்கு அதற்கு மேற்பட்டது வேண்டியதில்லை.

மாற்றும் முறை

சிறிய நட்சத்திரத் தலை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, ஒரு தட்டு, நல்ல வெளிச்சம், அரை மணி நேரம் ஆகியன வேண்டும்.

1. பத்திரங்களினதும் படங்களினதும் பிரதியொன்றை முதலில் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். இந்த வேலையால் அவை அழியமாட்டா. ஆயினும் இழப்பு என்னவென்று எமக்குத் தெரியும்.

2. கணனியை முற்றாக நிறுத்துங்கள். சாஜரையும் பற்றரியையும் கழற்றுங்கள். பற்றரி உள்ளே இருந்தால், மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பை எடுங்கள்.

3. கையை ஒரு பெரிய இரும்புப் பொருளில் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னை இறக்குங்கள். பொலிஸ்ரர் துணியின் மேல் வைத்து வேலை செய்ய வேண்டாம்.

4. அடிமூடியைக் கழற்றுங்கள். ஆணிகளைத் தட்டில், எடுத்த ஒழுங்கிலேயே வையுங்கள். நீளமான ஆணியைத் தவறான துளையில் முறுக்கினால் உள்ளே சேதம் வரும்.

5. எதையும் தொடுமுன் போனில் ஒரு படம் எடுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்பதை அது பின்னர் சொல்லும். பொதுவாகக் கறுப்பு வயர் முதலாவது முனைக்கும் வெள்ளை இரண்டாவது முனைக்கும் உரியவை.

6. வயர்த் தலைகளை நகத்தால் நேராக மேலே தூக்குங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பிறகு அட்டையின் ஆணியைக் கழற்றினால் அது சற்று மேலெழும். சரிவாகவே வெளியே இழுங்கள்.

7. இங்கே சற்று நில்லுங்கள். எமது கடற்கரை உப்புக்காற்றில் அட்டையின் பொன்னிறப் பற்கள் மங்கிப்போவதுண்டு. பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு, பழைய அட்டையையே திரும்பச் செருகிப் பாருங்கள். கழன்றிருந்த வயரை அழுத்திவிடுவதோடும் சில கணனிகள் சுகமாகிவிடும். அப்படியானால் செலவு மிச்சம்.

8. அது பலிக்காவிட்டால் புதிய அட்டையைச் சரிவாகச் செருகி, கீழே அழுத்தி, ஆணியிடுங்கள். வயர்த் தலையை முனையின் நேர் மேலே வைத்து விரலால் அழுத்தினால் "டிக்" என்று ஒரு சிறு சத்தம் கேட்கும். மூடியைப் போட்டு, பற்றரியைப் பொருத்தித் திறவுங்கள்.

திறந்தவுடன் பிழைச்செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். நிறுத்திவிட்டுப் பழைய அட்டையைப் போட்டால் கணனி முன்போல இயங்கும். செய்தி எதுவும் இல்லாமல் வைபை மட்டும் தென்படாவிட்டால், புதிய அட்டைக்குரிய டிரைவர் மென்பொருள் தேவைப்படுகிறது. போனை யூஎஸ்பி வயரால் இணைத்து, அட்டையை ஆக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்து அதை எடுக்கலாம். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்துவிட்டது. பழைய கணனிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்கமாட்டா. அத்தகைய கணனியில் இலவசமான லினக்ஸைப் போடுவோர், இன்டெல் அட்டையை வாங்குவது வசதி. அதற்கு வேண்டிய டிரைவர் பெரும்பாலும் லினக்ஸிலேயே சேர்ந்து வருகிறது.

ஒரு கிராமத்துக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர்

எல்லோரும் அட்டையை மாற்றத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் றவுட்டர் இருந்தால் ஒரு லான் வயர் போதும். போன் மட்டும் இருந்தால் யூஎஸ்பி வயர் போதும். ஆனால் ஒரே போனை அக்கா வகுப்புக்கும் தம்பி வினாத்தாளுக்கும் அப்பா வியாபாரியோடு நெல் விலை பேசவும் கேட்கும் வீட்டில், போனைக் கணனியோடு கட்டிவைக்க முடியாது. வைபை தேவைப்படுவது அங்கேதான்.

ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கமும் ஒரு தொகுதி ஸ்க்ரூ டிரைவர்களையும், கழற்றிய பழைய அட்டைகளைப் போட்டுவைக்க ஒரு பெட்டியையும் வைத்திருக்கலாம். ஒரு வீட்டில் ஒதுக்கிய அட்டை இன்னொரு வீட்டுக்குப் பொருந்தக்கூடும். இளைஞர் இருவர் இதைப் பழகிக்கொண்டால், வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் பஸ் ஏறும் செலவும், "முடிந்துவிட்டது" என்று கேட்டுத் திரும்பும் மனவருத்தமும் குறையும்.

நாம் பலமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறியவர்கள். அதனாலேயே, பழுது என்று பிறர் சொன்ன உடனே ஒரு பொருளைக் கைவிடும் வசதி எமக்கில்லை. எது பழுது, எது நல்லது என்று பார்த்தறியும் பழக்கம் எமக்கு வேண்டும். அந்தத் தாயின் தோடு இப்போதும் அவர் காதிலேயே இருக்கிறது.