ஒழுகுறது சீலா, டிஃப்பரென்ஷியலா?

சனிக்கிழமை விடிய பிள்ளைகளோட அல்கோன்குவின் பார்க் போக ஆயத்தம். பார்த்தால், டிரக்கின்ர பின் சில்லுக்கு உள்பக்கம் எண்ணெய் வடிஞ்சிருக்கு. தொட்டு மணந்தேன், கந்தக வாடை. கியர் ஆயில்தான்.

"டிஃப்பரென்ஷியலையே மாத்த வேணுமோ?" என்று தெரிஞ்ச மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "அவசரப்படாதேங்கோ. எங்க ஒழுகுது எண்டு முதல்ல பாருங்கோ" என்றார்.

பின்மூடியில் கசிந்தால், வீதி உப்பு தின்ற மூடியையும் கேஸ்கெட்டையும் மாற்றினால் போதும். டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இடமென்றால் பினியன் சீல். சில்லுப் பக்கமென்றால் அக்சில் சீல். எண்ணெய் பட்ட பிரேக் சரியாகப் பிடிக்காது, ஓடவே கூடாது. காற்றுப்போக்கி அடைபட்டிருந்தால் புதுச் சீலும் ஒழுகும்.

எண்ணெயில் கொஞ்சம் சாம்பல் நிறப் பசை வழமை. உலோகத் துண்டுகளோ, ஓடும்போது ஊளைச் சத்தமோ இருந்தால்தான் பெரிய வேலை. பழைய டிஃப்பரென்ஷியல் வாங்கினாலும் கியர் விகிதம் பாருங்கோ. 3.55 இருந்த ஃபோர்-வீல் டிரக்குக்குப் பின்னால மட்டும் 3.73 பூட்டினால், முன்னுக்கும் பின்னுக்கும் ஒத்துவராது.

எங்களுக்கு அக்சில் சீல். பிரேக்கும் நனைஞ்சிருந்தது. பயணம் அடுத்த கிழமைக்குப் போனது; பிள்ளைகளின்ர முகம் வாடிப்போச்சு. பரவாயில்லை. பின் சீட்டில இருக்கப்போறது அவங்கள்தானே.