கேபிளின் சுருதி சொல்வதும் சொல்லாததும்

வித்யாசாகர் சேதுவைக் கொல்கத்தாவில் இன்றும் பலர் இரண்டாம் ஹூக்ளி பாலம் என்றே சொல்கிறார்கள். 2025இல் பல ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பாலம் மணிக்கணக்கில் மூடப்பட்டது. வண்டிகள் வேறு வழிகளில் திருப்பிவிடப்பட்டன. தளத்தைத் தாங்கும் கேபிள்கள், ஓரங்களைக் கீழே பிடித்துவைக்கும் கேபிள்கள், பேரிங்குகள் ஆகியவற்றை மாற்றும் பணிக்காக இந்த ஏற்பாடு. பாலம் திறக்கப்பட்டது 1992 அக்டோபர் 10ஆம் தேதி. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இரவும் பகலும் இழுபட்ட கேபிள்கள் தளர்ந்துபோயிருக்கும், அதனால்தான் மாற்றுகிறார்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால், தளத்தின் எடை குறையாதவரை அதைத் தூக்கிப்பிடிக்கும் இழுவிசையும் பெரிதாகக் குறைய வழியில்லை. இத்தகைய பாலங்களில் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைவது, அந்த இழுவிசையைத் தாங்கும் எஃகுதான். இழுவிசை வேறு, வலிமை வேறு. முதலாவதை ஏறக்குறைய காதால் கேட்பதுபோல அறிந்துவிடலாம். இரண்டாவது அப்படிப் பிடிபடாது. பாலங்களைப் பற்றிய இன்றைய பெருமைப் பேச்சுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

இழுவிசைக்கு உருவங்கள் பல. நீர்த்துளியைத் திரட்டிவைக்கும் பரப்பு இழுவிசை, அறை வெப்பநிலையில் மீட்டருக்கு 0.072 நியூட்டன் மட்டுமே. மிருதங்கத் தோலில் அது எல்லாத் திசைகளிலும் பரவி நிற்கிறது. மின்கோபுரங்களுக்கு இடையே தொங்கும் கம்பியில் அது வெயிலுக்குக் குறைந்து, குளிருக்குக் கூடுகிறது. மனத்தின் டென்ஷனுக்கு அளவுகோல் இல்லை என்பதால் அதை இங்கே விட்டுவிடலாம். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு பொது இயல்பு உண்டு: வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே நடப்பதாகத் தெரியாது. 100 டன் இழுப்பில் இருக்கும் கேபிளும் 300 டன் இழுப்பில் இருக்கும் கேபிளும் கண்ணுக்கு ஒரே நேர்க்கோடுதான்.

வித்யாசாகர் சேதுவில் இந்தக் கண்ணுக்குத் தெரியாத விசையே எல்லா வேலையையும் செய்கிறது. அதன் நடுக் கண், அதாவது இரு கோபுரங்களுக்கு இடைப்பட்ட பகுதி, 457.2 மீட்டர்; இரு பக்கக் கண்கள் ஒவ்வொன்றும் 182.88 மீட்டர். ஒவ்வொரு கோபுரத்திலிருந்தும் விசிறியாக விரியும் கேபிள்கள் தளத்தைப் பிடித்திருக்கின்றன. நடுக் கண்ணில் பாதி 228.6 மீட்டர், பக்கக் கண் அதைவிடக் குறைவு. ஆகவே நடுப்பக்கத்தின் எடை, கோபுர உச்சி வழியாகப் பக்கக் கண்ணின் கடைசி முனையை மேல்நோக்கி இழுக்கிறது. அந்த முனை எழும்பிவிடாமல் தூணோடு கட்டிவைப்பவைதான் கீழ்ப்பிடிப்புக் கேபிள்கள். இத்தனை பெரிய பொறுப்பை மெல்லிய கம்பிகளிடம் ஒப்படைக்கக் காரணம் உண்டு. அழுத்தப்படும் மெல்லிய கம்பி நொறுங்குவதற்கு வெகுமுன்பே வளைந்து பயனற்றுப் போகும். இழுக்கப்படும் கம்பியோ தன்னைத் தானே நேராக்கிக்கொண்டு தன் எஃகு முழுவதையும் வேலைக்குக் கொடுக்கும். கேபிள்களில் பயன்படும் வகையைச் சேர்ந்த 7 மில்லிமீட்டர் உயர்வலிமைக் கம்பி ஒன்று அறுவதற்கு முன் 6 டன்னுக்கு மேல் தாங்கும்.

அந்த விசையை அளக்கும் வழியில்தான் இயற்பியலின் அழகு இருக்கிறது. இழுத்துக் கட்டிய கேபிளை ஓரிடத்தில் சற்றே விலக்கிவிட்டால் இழுவிசை அதை நேராக்க முனைகிறது. கேபிளின் நிறை அந்த அவசரத்தைத் தாமதப்படுத்துகிறது. இந்த இரண்டின் பேரத்தில் பிறக்கும் அலையின் வேகம், இழுவிசையை ஒரு மீட்டரின் நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வரும். எடுத்துக்காட்டாக, 100 மீட்டர் நீளம், மீட்டருக்கு 50 கிலோ நிறை, ஏறக்குறைய 300 டன் இழுப்பு உள்ள ஒரு கேபிளை எடுத்துக்கொள்வோம். அதில் அலை நொடிக்கு 245 மீட்டர் ஓடும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்ப 0.8 நொடி ஆகும். அதாவது அந்தக் கேபிள் நொடிக்குச் சுமார் 1.2 முறை அதிரும்; அதுவே அதன் சுருதி. நொடிக்கு 20 அதிர்வுகளுக்குக் கீழே மனிதக் காதுக்குக் கேட்காது. எனவே கைக்குள் அடங்கும் ஓர் அதிர்வுமானியைக் கேபிளில் கட்டினால் போதும். தட்டவோ மீட்டவோ வேண்டியதில்லை. ஆற்றுக் காற்றும் ஓடும் பேருந்துகளும் ஓயாமல் கேபிளை அசைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கலவையான நடுக்கத்திலிருந்து கேபிளின் சொந்தச் சுருதியைக் கணிப்பொறி பிரித்தெடுத்துவிடும்.

இதில் மேலும் வியக்க வைப்பது மேற்சுருதிகள் தரும் தகவல். வளைவதற்கு எந்த எதிர்ப்பும் காட்டாத கம்பியாக இருந்தால் மேற்சுருதிகள் அடிப்படைச் சுருதியின் இரண்டு, மூன்று, நான்கு மடங்குகளாகத் துல்லியமாக அமையும். உண்மையான கேபிள் தடிமனானது, வளைவதை எதிர்க்கும். அந்த எதிர்ப்பு மேலே போகப்போகச் சுருதியைச் சிறிது சிறிதாக உயர்த்தும். எனவே முதல் பத்துச் சுருதிகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தால், இவ்வளவு இழுவிசையால் வந்தது, இவ்வளவு விறைப்பால் வந்தது என்று இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுவிடலாம். ஒரே நடுக்கத்திலிருந்து இரு விடைகள்! கவனம் தேவைப்படும் இடங்களும் உண்டு. இழுவிசை 10 விழுக்காடு குறைந்தாலும் சுருதி 5 விழுக்காடுதான் இறங்கும். கேபிளின் நீளத்தை 1 விழுக்காடு தவறாக எடுத்தால் விடை 2 விழுக்காடு பிசகும். குட்டையான கேபிள்களில் விறைப்பு மேலோங்கி, எளிய சூத்திரம் ஏமாற்றிவிடும். வெயிலில் கேபிள், தளம், கோபுரம் மூன்றும் வெவ்வேறு அளவில் சூடேறும் என்பதால், விடியலுக்கு முன் எடுத்த அளவுக்கே நம்பகம் அதிகம்.

புதிய கேபிளைப் பூட்டும்போது நடப்பதை வீணைக்குச் சுருதி சேர்ப்பதோடு ஒப்பிடலாம். பிரடையைத் திருகி ஒரு தந்தியை ஏற்றினால் தண்டி மயிரிழை அளவு வளைந்து மற்றத் தந்திகள் சற்று இறங்கும்; வித்வான் மறுபடி அவற்றுக்கு வரவேண்டும். பாலத்தில் பிரடையின் இடத்தில் ஹைட்ராலிக் ஜாக்கி; தண்டியின் இடத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் தளம். வீணையில் மயிரிழையாக இருக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல் இங்கே பெரிதாகிவிடுகிறது. ஒரு கேபிளை அவிழ்த்தால் அதன் சுமை பக்கத்துக் கேபிள்களுக்குப் போகும். புதியதை இழுத்தால் அவை இறங்கும். வீணையில் முதல் தந்தியான சாரணியை மட்டும் சரிபார்த்து வாசிக்க உட்கார முடியாது. பாலத்திலும் மாற்றிய கேபிளை மட்டும் அளந்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிட முடியாது, பக்கத்துக் கேபிள்களையும் அளந்தாக வேண்டும். ஆனால் ஓரிடத்தில் இந்த ஒப்புமை நின்றுவிடுகிறது. வீணையில் சுருதியே நோக்கம், இழுவிசை அதற்கான வழி. பாலத்தில் தளம் உரிய மட்டத்தில் நிற்பதே நோக்கம்; சுருதி அதற்கான சாட்சியம் மட்டுமே.

தந்திக்கும் சுருதிக்கும் உள்ள இந்த உறவை 1636இல் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் எழுதிவைத்தார். கொல்கத்தாவுக்கு இதில் தனிப் பங்குண்டு. 1907இல் நிதித்துறை அதிகாரியாக இங்கு வந்த சி.வி. ராமன், அலுவலக நேரம் போக மற்ற வேளைகளில் பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய அறிவியல் சங்கத்தில் ஆய்வு செய்தார். ஒளிக்குப் போவதற்கு முன் அவர் உழைத்தது அதிர்வுகளில்தான்: 1918இல் வில்லால் மீட்டும் தந்திகள் பற்றிய நீண்ட ஆய்வு, 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து இந்தியத் தோல் கருவிகள் பற்றி ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட குறிப்பு. ஆனால் பழைய பெருமையால் எந்தப் பாலமும் நிற்பதில்லை.

சுருதி சரியாக இருந்தால் பாலம் நலமாக இருக்கிறது என்று சொல்லலாமா? கூடாது. நூறு கம்பிகள் கொண்ட ஒரு கேபிளின் முனையில் பத்துக் கம்பிகள் துருவேறி அறுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தளத்தின் எடை மாறவில்லை. எனவே மொத்த இழுப்பும் ஏறக்குறைய அதேதான். மீதமுள்ள தொண்ணூறு கம்பிகள் கூடுதல் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. நீளமும் நிறையும் இழுவிசையும் மாறாததால் சுருதியும் மாறாது. இத்தகைய கேபிள்களை அறுபடும் வலிமையில் சுமார் 45 விழுக்காட்டுக்கு மேல் சுமை ஏறாதபடி வடிவமைப்பது வழக்கம். இந்தத் தாராளம் நம்மைக் காப்பாற்றுகிறது. அதுவே ஆபத்தை மறைக்கவும் செய்கிறது. ஏறக்குறைய பாதிக் கம்பிகள் போன பிறகும் கேபிள் கனமான போக்குவரத்து இல்லாத வேளையில் அமைதியாக நிற்க முடியும்.

இது வெறும் கணக்கல்ல. 2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தின் மோர்பியில் தொங்குபாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். மாநில அரசு அமைத்த சிறப்பு விசாரணைக் குழு, அறுந்த முதன்மைக் கேபிளின் 49 கம்பிகளில் 22 துருவேறி முன்பே அறுந்திருக்கக்கூடும் என்று சொன்னது. மீதம் 27 கம்பிகளோடு அந்தப் பாலம் நின்றிருந்தது. கூட்டம் ஏறியபோது அவையும் போயின. 2018 ஆகஸ்ட் 14 அன்று இத்தாலியின் ஜெனோவாவில் பாலம் சரிந்து 43 பேர் இறந்தபோது, அதன் தாங்கு எஃகு கான்கிரீட்டுக்குள் பொதியப்பட்டிருந்ததால் துருவைக் கண்ணால் காண வழியே இருக்கவில்லை. கொல்கத்தாவின் ஹௌரா பாலத்தையே பாருங்கள். நட்டும் போல்ட்டும் இல்லாத அதிசயம் என்று எல்லோரும் அதைப் பாராட்டுகிறார்கள். ரிவிட் அடித்துக் கட்டுவது அது எழுந்த காலத்தின் இயல்பான முறைதான். அதன் தளம் தொங்குவது 39 இணை எஃகுத் தொங்கிகளில். அவற்றின் அடியில் நீர் புகாமல் காக்கும் எஃகு மூடிகள், பான் எச்சில் அரித்ததால் 2007க்கும் 2011க்கும் இடையே 6 மில்லிமீட்டரிலிருந்து 3க்கும் கீழே மெலிந்திருந்ததைத் துறைமுகப் பொறியாளர்கள் கண்டார்கள். எந்தச் சுருதியும் அதைச் சொல்லவில்லை. குனிந்து அளந்த மனிதர்கள் சொன்னார்கள்.

நவீனக் கருவிகளால் இந்தக் குறையை நிரப்ப முடியாதா என்று கேட்கலாம். ஓரளவு முடியும். கம்பி அறும்போது எழும் ஒலியைப் பிடிக்கும் உணரிகள் இருக்கின்றன; ஆனால் பொருத்திய நாளுக்கு முன் அறுந்தவற்றைப் பற்றி அவை எதுவும் சொல்லா. காந்தப்புலத்தால் கேபிளின் உட்பகுதியை ஆராயும் முறை நடுப்பகுதியில் நன்றாக வேலை செய்கிறது. நீர் தேங்கக்கூடிய, துரு பிடிக்க வாய்ப்பு மிகுந்த முனைகளில், சுற்றியுள்ள பெரும் எஃகுக் கட்டமைப்பால் திணறுகிறது. செயற்கை நுண்ணறிவு இந்த அளவுகளை நாம் பார்ப்பதைவிட வேகமாகப் படிக்கும். ஆனால் அளவிலேயே இல்லாத செய்தியை எந்த நிரலும் படித்துத் தர முடியாது. அப்படியானால் சுருதி அளப்பது வீணா? இல்லவே இல்லை. பூட்டிய கேபிள் உரிய சுமையை ஏற்றதா, பேரிங் இறுகித் தளம் இடம் மாறியதா, ஒரு கேபிள் தன் பங்கைப் பக்கத்துக் கேபிள்மேல் போட்டுவிட்டதா என்ற கேள்விகளுக்கு அதைவிட மலிவான, நேர்மையான விடை கிடையாது. அதனிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்றுதான்: எஃகு இன்னும் எவ்வளவு மிச்சம்?

ஆகவே புதிய கேபிள்கள் ஏறும் இந்த வேளை மிக முக்கியமானது. ஒவ்வொரு கேபிளின் சுருதி வரிசையையும் அளந்த நேரத்தின் வெப்பநிலையோடு சேர்த்து இப்போதே பதிவுசெய்து, பொதுமக்களும் கல்லூரி மாணவர்களும் பார்க்கும்படி வெளியிட வேண்டும்; முப்பது ஆண்டுகள் கழித்து ஒப்பிட அதுவே அடிப்படை. கூடவே, கேபிள் முனைகளின் மூடிகளைக் குறித்த காலத்தில் கழற்றி, ஈரமும் துருவும் உண்டா என்று கண்ணால் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். கேபிள்களை மாற்றும் பெரும் செலவை ஒரே தடவை ஒதுக்க அரசுகள் முன்வருகின்றன. செய்தியும் படமும் அதற்குக் கிடைக்கும். மூடியைக் கழற்றிப் பார்க்கும் வேலைக்கு ஆளும் பணமும் ஆண்டுதோறும் ஒதுக்கப்பட வேண்டும். அந்தச் சிறு செலவைத் தவிர்த்தால், மாற்றிய கேபிள்களையும் உரிய காலத்துக்கு முன்பே மாற்றும்படி ஆகும்.