கவுன் பொருந்தாவிடில் குற்றம் யாருடையது?

பெருநாளுக்கென்று மகளுக்கு ரெடிமேட் கவுன் எடுத்து வருகிறீர்கள். அணிந்து பார்த்தால் தோளில் பிடிக்கிறது. கையை உயர்த்த முடியவில்லை. உடனே நம் வாயில் வருவதென்ன? "நீதான் பருத்துப் போய்விட்டாய்!" வளரும் பெண்ணின் மனத்தில் அச்சொல் எத்தனை காலம் தைத்துக் கிடக்கும் என்பதை நாம் எண்ணுவதில்லை. குற்றம் பெரும்பாலும் உடம்பில் இல்லை. துணியை வெட்டிய முறையில் இருக்கிறது.

மரக்காணம் உப்பளங்களில் உப்புக் கூடை சுமக்கும் பெண்களைப் பாருங்கள். தோளும் மேற்கையும் திரண்டிருக்கும், இடை ஒடுங்கியிருக்கும். மார்பளவு பார்த்து எடுத்த கவுன் இவர்களுக்குக் கைக்குழியில் இறுகாமல் என்ன செய்யும்? அவர்கள் சேலைமேல் ஆண்களின் சட்டையை அணிவதற்கு வெயில் மட்டுமன்று, அதன் தாராளமான தோளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். நம் நாட்டு உடம்புகளை அளந்து ரெடிமேட் அளவு வகுக்கும் முயற்சியே தாமதமாகத்தான் வந்தது. 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை ஆறு நகரங்களில் அளக்க 'நிஃப்ட்' நிறுவனம் திட்டமிட்டது 2010களின் இறுதியில்தான்.

ஜப்பானில் 'லோலிடா' என்றோர் உடைவகை உண்டு. 1990களில் டோக்கியோவின் ஹராஜூகு வட்டாரத்தில் பரவியது. பெயர் நமக்கு உவப்பாக இராது; உடையோ உட்பாவாடையால் மணிபோல் விரிந்து நிற்கும் அடக்கமான கவுன். அவற்றுள் பல ஒரே அளவில் வருபவை. ஆயினும் மெலிந்தவரும் சற்றுப் பருத்தவரும் அதனையே அணிகின்றனர். சூட்சுமம் முதுகில் இருக்கிறது. அங்கே எலாஸ்டிக் நூலால் சுருக்குத் தைத்திருப்பார்கள்.

இதனை நம் ஊர்த் தையற்காரரும் செய்யலாம். பாபினில் எலாஸ்டிக் நூலை இழுக்காமல் கையால் சுற்ற வேண்டும். ஊசியில் வழக்கமான நூல். அரை அங்குல இடைவெளியில் வரிவரியாகத் தைத்தால் துணி தானே சுருங்கும். அப்பகுதிக்கு மட்டும் ஏறக்குறைய இரு மடங்கு அகலத் துணி தேவை.

ஆனால் சுருக்கு, மார்பையும் இடையையும்தான் காக்கும், தோளைக் காக்காது. ஆகவே தோளும் கைக்குழியும் பொருந்துவதையே எடுங்கள். இடை தொளதொளத்தால் டாட் பிடித்துக் கொள்ளலாம். பெரியதைச் சிறிதாக்குவது எளிது. சிறியதைப் பெரிதாக்க உள்ளே துணி இருந்தாக வேண்டுமே! வாங்குமுன் கவுனை உட்புறம் திருப்பிப் பாருங்கள். கால் அங்குலம் மட்டும் விட்டு ஓவர்லாக் அடித்திருந்தால் பிரித்துப் பயனில்லை. அக்குள் முதல் இடை வரை இருபுறமும் ஒட்டுத் துணி கொடுக்கலாம். இடுப்பு நாடாவையோ அடி மடிப்பையோ பிரித்தால் அதே நிறத்துணி கிடைத்துவிடும். உடம்பு நீண்ட பெண்ணுக்கு இடைத்தையல் விலாவில் ஏறி நிற்கும். மேற்பகுதிக்கும் பாவாடைக்கும் நடுவே இரண்டங்குலப் பட்டி வைத்தால் சரியாகும்.

இவ்வேலைக்கெல்லாம் பொறுமை வேண்டும். ரமலான் கடைசி வாரத்தில் எந்தத் தையற்காரரிடம் அது இருக்கும்? ஷஃபான் மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள்.